வரச் சொன்னாள், வந்தால், வருவதற்கு முன்: ஸ்பானிஷ் சப்ஜங்டிவின் இறந்தகால வடிவம்

‘லூயிஸ் வருகிறான் என்று மரியா சொன்னாள்.’ ‘லூயிஸை வரச் சொன்னாள் மரியா.’ இந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழ் பேசும் ஐந்து வயதுக் குழந்தைகூடக் குழப்பிக்கொள்ளாது. முதலாவது ஒரு செய்தி. இரண்டாவது ஓர் அழைப்பு. லூயிஸ் வந்தானா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஸ்பானிஷில் இவை இப்படி வரும்: ‘மரீய தீஹொ கெ லுயீஸ் வெனீய’, ‘மரீய தீஹொ கெ லுயீஸ் வினியேர’. கடைசிச் சொல்லைத் தவிர எல்லாம் ஒன்றேதான். ‘வெனீய’ என்று முடிந்தால் வருகிறான் என்ற செய்தி. ‘வினியேர’ என்று முடிந்தால் வரச் சொன்ன அழைப்பு. ஆங்கில வழிப் பாடநூல்கள் இந்த ‘வினியேர’ என்ற வடிவத்தை இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் என்று அழைக்கின்றன. ஸ்பானிஷ் கற்பவர்களில் பலர் நின்றுவிடும் இடம் இது. ஆங்கிலத்தின் வழியாக இதற்குள் நுழைய முயல்வதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலத்தில் இந்த வடிவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தமிழிலோ இதே வேலையைச் செய்ய வேறு கருவிகள் கூர்மையாக இருக்கின்றன. நம் மொழியிலிருந்தே நேராகப் போவோம்.

ஸ்பானிஷ் சொற்களை இங்கே எப்படி எழுதியிருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும் என்பதால் இது அலங்காரம் அல்ல. ஸ்பானிஷ் எழுத்தில் v என வருவதை வகரமாகவும் b என வருவதைப் பகரமாகவும் எழுதியிருக்கிறேன். அந்த மொழியில் இரண்டும் ஒரே ஒலிதான், ‘பஸ்’ என்பதில் வரும் ஒலி. (p எழுத்தும் இங்கே பகரமாகவே வரும், அது வேறு ஒலி.) எழுத்துக்கூட்டலை நீங்கள் பின்னால் அடையாளம் காண வசதியாக இருக்கட்டும் என்று பிரித்து எழுதுகிறேன்.

முற்றும் எச்சமும்

வினை முற்று, வினை எச்சம் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கிறதா? ‘வந்தான்’ முற்று, தன் காலில் நிற்கும். ‘வர’, ‘வந்து’, ‘வந்தால்’ எல்லாம் எச்சங்கள். வேறொரு வினையில் சாய்ந்து நிற்பவை. மேலே உள்ள இரண்டு தமிழ் வாக்கியங்களை மறுபடி பாருங்கள். செய்தி சொல்லும்போது ‘வருகிறான்’ என்ற முற்று வந்தது. அழைப்பைச் சொல்லும்போது அது ‘வர’ என்று எச்சமாகிவிட்டது. லூயிஸ் வருவதை நாம் ஓர் உண்மையாக முன்வைக்கவில்லை. மரியாவின் விருப்பத்துக்குள் அது அடங்கியிருக்கிறது.

ஸ்பானிஷ் வினையை எச்சமாக்குவதில்லை. எண், இடம் காட்டும் விகுதியோடு அதை முழு வினையாகவே வைத்துக்கொண்டு, உடையை மட்டும் மாற்றுகிறது. அந்த மாற்று உடைதான் சப்ஜங்டிவ். ‘இது நடந்தது’, ‘இது நடக்கிறது’ என்று பேசுபவர் தம் பொறுப்பில் அறிவிக்கும்போது சாதாரண வினை. அறிவிக்காமல் விருப்பம், அச்சம், ஐயம், கட்டளை, கற்பனை ஆகியவற்றுக்குள் வைத்துச் சொல்லும்போது சப்ஜங்டிவ்.

‘நீ வந்ததில் எனக்கு மகிழ்ச்சி’ என்பதை ஸ்பானிஷில் சொல்லும்போதும் இந்த வடிவம்தான் வருகிறது: ‘மெ அலேக்ரொ தெ கெ வினியேரஸ்’. பலர் இங்கே தடுமாறுகிறார்கள். ‘அவன் உண்மையாகவே வந்துவிட்டானே, பிறகு ஏன் சப்ஜங்டிவ்?’ என்று கேட்கிறார்கள். தமிழைப் பாருங்கள். நாமும் இங்கே ‘நீ வந்தாய்’ என்று முற்றாகச் சொல்லவில்லை. ‘வந்ததில்’ என்று பெயராக்கிவிட்டோம். வந்த விஷயம் இருவருக்கும் தெரியும். அது இங்கே செய்தி அல்ல. மகிழ்ச்சிதான் செய்தி. ஸ்பானிஷ் அதே எண்ணத்தோடு வேறொரு கதவைத் திறக்கிறது.

இந்த ஒப்பீடு எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை’ என்பதில் ‘வருவான்’ முற்றுதான். ஆனாலும் ஸ்பானிஷில் ‘நோ க்ரெயீய கெ வினியேர’ என்று சப்ஜங்டிவ் வர வேண்டும். நினைக்கவில்லை என்று சொன்ன உடனேயே அந்த வருகையை அறிவிக்கும் பொறுப்பிலிருந்து நாம் விலகிவிட்டோம். ‘வருவான் என்று நினைத்தேன்’ என்றால் ‘க்ரெயீய கெ வெனீய’ என்று சாதாரண வினை. ஆகவே எச்சமா முற்றா என்பது முதல் கேள்வி. ‘இதை நான் உண்மையென்று முன்வைக்கிறேனா’ என்பது இரண்டாவது கேள்வி. இரண்டும் முரண்பட்டால் இரண்டாவதையே நம்புங்கள்.

வடிவத்தை உருவாக்குவது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பானிஷ் வினைகள் ஒழுங்கு மீறுவதற்குப் பேர்போனவை. ஆனால் இந்த ஒரு வடிவத்தில் விதிவிலக்கே கிடையாது. ஒன்றுகூட இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முடிந்த இறந்தகாலத்தின் ‘அவர்கள்’ வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் ‘ரொன்’ என்று முடியும். அந்த ‘ரொன்’னை நீக்கிவிட்டு ‘ர’ சேருங்கள். ‘பேசினார்கள்’ என்பது ‘அப்லாரொன்’. அதிலிருந்து ‘அப்லார’. ‘சாப்பிட்டார்கள்’ என்பது ‘கொமியேரொன்’. அதிலிருந்து ‘கொமியேர’. ‘வாழ்ந்தார்கள்’ என்பது ‘விவியேரொன்’, அதிலிருந்து ‘விவியேர’. பிறகு ஆளுக்கேற்ற விகுதி:

நான்: அப்லார
நீ: அப்லாரஸ்
அவன், அவள், தாங்கள்: அப்லார
நாம்: அப்லாரமொஸ்
நீங்கள் பலர், ஸ்பெயினில்: அப்லாரைஸ்
அவர்கள், லத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள் பல’ரும்: அப்லாரன்

புவேனஸ் ஐரிஸில் ‘நீ’ என்பதற்கான ‘தூ’வுக்குப் பதிலாக ‘வோஸ்’ என்று ஒருவரை அழைப்பார்கள். அதற்கென்று நிகழ்காலத்தில் தனி வினை வடிவங்கள் உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் ‘அப்லாரஸ்’தான்.

ஒழுங்கு மீறும் வினைகள் என்னவாகும்? அவற்றின் கோணல் எல்லாம் ஏற்கெனவே ‘அவர்கள்’ வடிவத்திலேயே குடியேறிவிட்டது. நீங்கள் அதை அப்படியே சுமந்துவந்தால் போதும். ‘தெனேர்’, அதாவது வைத்திருத்தல், ‘துவியேரொன்’ ஆகும், எனவே ‘துவியேர’. ‘அஸேர்’, செய்தல், ‘இஸியேரொன்’, எனவே ‘இஸியேர’. ‘ஸபேர்’, அறிதல், ‘ஸுப்பியேரொன்’, எனவே ‘ஸுப்பியேர’. சொல்லுதலும் கொண்டுவருதலும் ‘திஹேரொன்’, ‘த்ரஹேரொன்’ என்று இடையில் இகர ஒலியைத் தொலைத்தவை. ஆகவே ‘திஹேர’, ‘த்ரஹேர’ என்றே வரும், ‘திஹியேர’ என்று வராது. உறங்குதல் ‘துர்மியேரொன்’ என்று உயிர் மாறும், ‘துர்மியேர’வும் அப்படியே. இருத்தலைக் குறிக்கும் ‘ஸேர்’, போதலைக் குறிக்கும் ‘ஈர்’ இரண்டுக்கும் ‘ஃபுவேரொன்’ என்ற ஒரே வடிவம். அதனால் ‘ஃபுவேர’ என்பதும் இரண்டுக்கும் பொது. எது என்பதை வாக்கியம் சொல்லிவிடும்.

ஆகவே இந்தப் பாடத்துக்கு முன்னால் இறந்தகால ‘அவர்கள்’ வடிவங்கள் நாக்கில் நிற்க வேண்டும். அவை நிற்கவில்லையென்றால் சப்ஜங்டிவ் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண். திரும்பிப் போய் அதை முடித்துவிட்டு வருவதே குறுக்கு வழி.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. ‘அப்லார’ என்றால் சப்ஜங்டிவ். ‘அப்லரா’ என்று கடைசியில் அழுத்தினால் ‘அவன் பேசுவான்’ என்ற எதிர்காலம். எழுத்தில் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். காதில் பெரிய வித்தியாசம். சப்ஜங்டிவில் அந்தக் கோடு ‘நாம்’ வடிவத்தில் மட்டும் வரும்.

மூல வினை இறந்தகாலம் என்றால்

‘பால் வாங்கச் சொல்கிறாள்’, ‘பால் வாங்கச் சொன்னாள்’. தமிழில் ‘வாங்க’ இரண்டிலும் அசையாமல் நிற்கிறது. ‘சொல்’ மட்டும் காலம் மாறுகிறது. ஸ்பானிஷில் இரண்டும் சேர்ந்து நகரும். ‘மி மாத்ரெ மெ பீதெ கெ கோம்ப்ரெ லேச்செ’: என் அம்மா என்னைப் பால் வாங்கச் சொல்கிறார். ‘மி மாத்ரெ மெ பிதியோ கெ கொம்ப்ரார லேச்செ’: வாங்கச் சொன்னார். முன்னது இறந்தகாலத்துக்குப் போனதும் பின்னதும் கூடவே போயிற்று.

தமிழர்கள் மிக இயல்பாகச் செய்யும் தவறு இங்கேதான் நேர்கிறது. ‘வாங்க’ மாறாததால் ‘கோம்ப்ரெ’யும் மாறவேண்டியதில்லை என்று மனம் நம்பிவிடுகிறது. பெருவிலும் பொலிவியாவிலும் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் இறந்தகால வினைக்குப் பின்னும் நிகழ்கால சப்ஜங்டிவையே வைத்துப் பேசுவதுண்டு. சொன்ன கட்டளை இன்னும் நிறைவேறாமல் நிலுவையில் இருந்தால் மற்ற நாடுகளிலும் நிகழ்காலம் வரலாம். ஆனால் கற்கத் தொடங்குபவருக்கு நான் சொல்வது: முன்னால் இறந்தகாலம் வந்தால் பின்னாலும் ‘ர’ வடிவத்தையே வையுங்கள். எந்த நாட்டிலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

‘விரும்பினேன்’, ‘கேட்டுக்கொண்டேன்’, ‘பயந்தேன்’, ‘சந்தேகப்பட்டேன்’ போன்றவை எல்லாம் இதே வழியில் செல்லும். ‘நீ வரவேண்டும் என்று விரும்பினேன்’ என்பது ‘கெரீய கெ வினியேரஸ்’.

இதே குடும்பத்தில் ஓர் அழகான வேறுபாடு இருக்கிறது. ‘புஸ்காப ஊன காஸ கெ துவியேர பாத்தியொ’ என்றால் முற்றம் இருக்கும்படியான ஏதாவது ஒரு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வீடு உண்டா என்பதே தெரியாது. ‘துவியேர’வை எடுத்துவிட்டு, ‘ஊன’ இருந்த இடத்தில் ‘ல’ வைத்து, ‘ல காஸ கெ தெனீய பாத்தியொ’ என்றால் முற்றம் வைத்த அந்தக் குறிப்பிட்ட வீடு. எனக்குத் தெரிந்த வீடு, தெருதான் மறந்துவிட்டது. தமிழில் ‘முற்றம் உள்ள வீடு’ என்று இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘வீடாகத் தேடினேன்’ என்று ஓர் ‘ஆக’ சேர்த்துத்தான் நாம் முதல் பொருளைக் காட்டுகிறோம்.

முன், போது

தமிழிலேயே ஒளிந்திருக்கும் ஒரு விந்தையை இங்கே சொல்ல வேண்டும். ‘அவன் வருவதற்கு முன் கிளம்பிவிட்டேன்.’ கிளம்பியது நேற்று. அவன் வந்ததும் நேற்று. ஆனாலும் ‘வந்ததற்கு முன்’ என்று நாம் சொல்வதில்லை. ‘வருவதற்கு’ என்று எதிர்கால இடைநிலையை வைக்கிறோம். நான் கிளம்பிய அந்தக் கணத்தில் அவன் வருகை இன்னும் நிகழாத ஒன்று. அந்தக் கணத்தில் நின்று பார்க்கிறோம். ‘வந்த பிறகு’ என்னும்போது மட்டும் ‘வந்த’.

ஸ்பானிஷ் அதே இடத்தில் சப்ஜங்டிவை வைக்கிறது: ‘ஸலீ ஆன்தெஸ் தெ கெ யெகார’, அவன் வந்து சேர்வதற்கு முன் கிளம்பினேன். ‘முன்’ என்று வந்தால் எப்போதும் சப்ஜங்டிவ்.

‘போது’ என்பதிலும் இதைக் காணலாம். ‘வந்து சேர்ந்தபோது கூப்பிட்டேன்’ என்றால் ‘குவாந்தொ யெகோ’ என்று சாதாரண வினை. ‘தான் வந்து சேரும்போது கூப்பிடச் சொன்னான்’ என்றால் ‘குவாந்தொ யெகார’. சேர்ந்தபோது, சேரும்போது என்ற நம் வேறுபாடு ஏறக்குறைய அப்படியே ‘யெகோ’, ‘யெகார’ என்று மாறுகிறது. வழக்கமாக நடப்பதைச் சொல்லும் ‘சேரும்போதெல்லாம்’ மட்டும் இதில் சேராது. அது நடந்த விஷயம், ஆகவே சாதாரண வினை.

‘ஸின் கெ’, அதாவது ‘ஆமல்’, இதே குழுவைச் சேர்ந்தது. ‘யாரும் என்னைப் பார்க்காமல்’ என்பது ‘ஸின் கெ நாதியெ மெ வியேர’. அந்தப் பார்த்தல் நிகழவே இல்லை. நிகழாததை அறிவிக்க முடியாது.

அத்தைக்கு மீசை முளைத்தால்

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறோம். ஸ்பெயினில் ஒருவர் ‘அது மட்டும் இருந்திருந்தால், இது மட்டும் நடந்திருந்தால்’ என்று அடுக்கிக்கொண்டே போனால் எதிரில் இருப்பவர் இப்படி மடக்குவார்: ‘ஸி மி அபுவேல துவியேர ருவேதஸ், ஸெரீய ஊன பிஸிக்லேத்த’. என் பாட்டிக்குச் சக்கரங்கள் இருந்தால் அவர் ஒரு சைக்கிள் ஆகியிருப்பார். நம் ஊரில் அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. இரண்டு ஊர்களிலும் குடும்பத்துப் பெண்மணியை வைத்தே நடக்காததைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பழமொழிக்குள் முழு இலக்கணமும் இருக்கிறது. ‘ஸி’ என்றால் ‘ஆல்’. அதற்குப் பின் ‘துவியேர’ என்ற நம் வடிவம். அடுத்த பாதியில் ‘ஸெரீய’ என்று ‘ரீய’வில் முடியும் வடிவம், ‘ஆகியிருப்பார்’ என்பதற்கு இணையானது.

இதை நடக்கக்கூடிய நிபந்தனையோடு ஒப்பிடுங்கள். ‘ஸி தேங்கொ தியேம்பொ, வோய்’: நேரம் இருந்தால் வருகிறேன். உண்மையாகவே இருக்கலாம். ‘ஸி துவியேர தியேம்பொ, இரீய’: நேரம் இருந்தால் வருவேனே, ஆனால் இல்லை. தமிழில் இரண்டிலும் ‘இருந்தால்’. வேறுபாட்டை நாம் ஏகாரத்திலும் குரலிலும், சில நேரம் ‘எனக்கு மட்டும் நேரம் இருந்தால்’ என்ற ‘மட்டும்’ என்னும் சொல்லிலும் வைக்கிறோம். ஸ்பானிஷ் அதை வினையிலேயே எழுதிவைத்துவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் ‘மட்டும்’ சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் ‘துவியேர’, பொருந்தவில்லை என்றால் ‘தேங்கொ’.

ஆனால் நேரம் இல்லாதது இப்போது. பிறகு ஏன் இறந்தகால வடிவம்? இந்தக் கேள்வியை நானும் பல நாள் சுமந்தேன். விடை தமிழிலேயே இருந்தது. ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். நாளை என்பது எதிர்காலம். ‘பெய்தால்’ என்பதைப் பிரியுங்கள்: பெய், த், ஆல். அந்த ‘த்’ இறந்தகால இடைநிலை. ‘வந்தால்’, ‘போனால்’, ‘கேட்டால்’ எல்லாமே இறந்தகால அடியின் மேல் ‘ஆல்’ ஏறியவை. கற்பனைக்குள் நுழையும்போது இறந்தகாலத்தைக் கையில் எடுப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். அது இயல்பாகிவிட்டதால் கண்ணில் படவில்லை. நேற்று எப்படி கைக்கு எட்டாததோ அப்படியே நடக்காததும் கைக்கு எட்டாதது. ஸ்பானிஷும் அந்தத் தொலைவையே ‘துவியேர’வில் வைத்திருக்கிறது.

உண்மையிலேயே கடந்துபோனதை நினைத்து ஏங்கும்போது ஒரு படி மேலே போக வேண்டும். ‘ஸி லொ உபியேர ஸபீதொ, நோ அப்ரீய வெனீதொ’: அது தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன். ‘தெரிந்து’ என்பதோடு ‘இருந்தால்’ சேர்ந்தது போல ‘ஸபீதொ’வோடு ‘உபியேர’ சேர்ந்திருக்கிறது. ‘அப்ரீய’ வரும் இடத்திலும் ‘உபியேர’வையே வைத்து இரண்டு பக்கமும் ஒரே சொல்லாகப் பேசுபவர்கள் ஏராளம், அதுவும் ஏற்கப்பட்டதே.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ‘ஸி’க்குப் பின் ‘தெந்த்ரீய’ போன்ற ‘ரீய’ வடிவம் வரக்கூடாது. வட ஸ்பெயினில் பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா, புர்கோஸ் பகுதிகளில் மக்கள் அப்படிப் பேசுவதைக் கேட்பீர்கள். அது அவர்கள் மண்ணின் பேச்சு, எழுத்து நெறி அதை ஏற்பதில்லை. இரண்டாவது, ‘ஸி’க்குப் பின் நிகழ்கால சப்ஜங்டிவையும் வைக்காதீர்கள்.

‘போல’ என்பதற்கான ‘கோமொ ஸி’ இன்னும் எளிது. முன்னால் எந்தக் காலம் வந்தாலும் பின்னால் இந்தக் குடும்பம்தான். ‘ஆப்ல கோமொ ஸி லொ ஸுப்பியேர தோதொ’: எல்லாம் தெரிந்ததுபோல் பேசுகிறான். ‘தெரிந்தது’ என்பதிலும் அந்த இறந்தகாலம் எட்டிப் பார்க்கிறது.

பணிவாகக் கேட்பது

மெக்ஸிகோவில் ஒரு கடைக்காரரிடம் ‘கிஸியேர ஊன் கஃபே’ என்று கேட்கலாம். ‘கெரேர்’, விரும்புதல் என்ற வினையின் ‘ர’ வடிவம் இது. ‘கியேரொ’ என்றால் எனக்கு வேண்டும். ‘கிஸியேர’ என்றால் அந்த வேண்டுதலை ஓர் அடி பின்னால் தள்ளிவைத்துக் கேட்பது. ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து ‘ஐயா, ஒரு உதவி தேவைப்பட்டது’ என்று நாம் சொல்வதில்லையா? தேவை இப்போதுதான் இருக்கிறது. ஆனால் ‘தேவைப்படுகிறது’ என்றால் எதிரில் இருப்பவரை நெருக்குவதுபோல் ஆகிவிடும் என்று இறந்தகாலத்துக்கு ஒதுங்குகிறோம். காலத்தில் தொலைவு, உண்மையிலிருந்து தொலைவு, எதிரில் இருப்பவருக்கு மரியாதையாக விடும் தொலைவு. மூன்றுக்கும் ஒரே வடிவம். ‘புதியேர’, ‘தெபியேர’ ஆகியவையும் இப்படி வரும். ஸ்பெயினின் சாதாரண மதுக்கடை மேசையில் ‘கிஸியேர’ கொஞ்சம் கூடுதல் பணிவாகத் தெரியும். அங்கே நேராகக் கேட்பதே வழக்கம்.

‘ஸெ’ என்று முடியும் இன்னொன்று

புத்தகங்களில் ‘அப்லார’வுக்குப் பக்கத்தில் ‘அப்லாஸெ’ என்றும், ‘துவியேர’வுக்குப் பக்கத்தில் ‘துவியேஸெ’ என்றும் காண்பீர்கள். பொருள் ஒன்றே. அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும். பேசுவதற்கு ‘ர’வையே பழகுங்கள். லத்தீன் அமெரிக்காவில் பேச்சில் ‘ர’தான் ஆட்சி செய்கிறது, ஸ்பெயினில் இரண்டும் புழங்கினாலும் அங்கேயும் ‘ர’தான் மிகுதி. பணிவாகக் காப்பி கேட்கும் இடத்தில் ‘ஸெ’ வடிவம் பொருந்தாது.

ஒரு வேலைக்கு இரண்டு வடிவங்கள் ஏன் என்றால், அவை வேறு வேறு வீடுகளில் பிறந்தவை. லத்தீனில் ‘நேசித்திருந்தேன்’ என்ற சாதாரண வினை ‘அமாவெரம்’. அது தேய்ந்து ‘அமார’ ஆயிற்று. ‘அமாவிஸ்ஸெம்’ என்ற சப்ஜங்டிவ் தேய்ந்து ‘அமாஸெ’ ஆயிற்று. ஆகவே பிறப்பால் சப்ஜங்டிவ் ‘ஸெ’தான். ‘ர’ வெளியிலிருந்து வந்து, நிபந்தனை வாக்கியங்கள் வழியாக உள்ளே நுழைந்து, நூற்றாண்டுகளில் வீட்டையே தனதாக்கிக்கொண்டது. போர்த்துக்கீசிய மொழியின் எழுத்து நடையில் ‘ர’ வடிவம் இன்றும் ‘நேசித்திருந்தேன்’ என்ற பழைய பொருளிலேயே இருக்கிறது.

இது வெறும் வரலாறு அல்ல. இன்றைய ஸ்பானிஷ் நாளிதழ் வாசிக்கும்போது உதவும். ‘எல் கெ ஃபுவேர ப்ரெஸிதேன்தெ’ என்று ஒரு செய்தியில் வந்தால் ‘அதிபராக இருந்தால்’ என்று படித்துவிடாதீர்கள். ‘அதிபராக இருந்தவர்’ என்பதே பொருள். ஐயமும் இல்லை, கற்பனையும் இல்லை. பழைய ‘அமாவெரம்’ செய்தித்தாள் நடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒஹலா

கடைசியாக ஏக்கத்தைச் சொல்லும் ஒரு சொல். ‘ஒஹலா’ ஸ்பானிஷில் பிறந்த சொல் அல்ல. கி.பி. 711 முதல் 1492இல் கிரனாடா வீழும் வரை ஐபீரியத் தீபகற்பத்தில் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் இஸ்லாமியர் ஆட்சி ஏதேனும் ஒரு பகுதியிலாவது இருந்தது. அந்நாளைய அந்தலூசிய அரபியின் ‘லவ் ஷா லாஹ்’, இறைவன் விரும்பினால், என்பதிலிருந்து வந்தது இது. நமக்குப் பழக்கமான ‘இன்ஷா அல்லா’வின் உறவு. ஆனால் ‘இன்’ என்பது நடக்கக்கூடிய ‘ஆல்’. ‘லவ்’ என்பது அரபியில் எட்டாததைச் சொல்லும் ‘ஆல்’. ஏக்கம் அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. பழந்தமிழில் இப்படி விருப்பத்தைச் சொல்ல ‘தில்’ என்ற இடைச்சொல் இருந்தது. அதன் பொருள்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் விழைவைத்தான் சொல்கிறது. இன்றைய பேச்சில் அது இல்லை. ‘கூடாதா’ என்று கேள்வியாக்கி அந்த வேலையை முடித்துக்கொள்கிறோம்.

‘ஒஹலா’வுக்குப் பின் எப்போதும் சப்ஜங்டிவ்தான். எந்தக் காலத்தில் என்பதைப் பொறுத்து நம்பிக்கையின் அளவு மாறும். வானத்தில் மேகம் திரண்டிருக்கிறது, பெய்தாலும் பெய்யும் என்றால் நிகழ்காலம்: ‘ஒஹலா யுவேவ’, மழை பெய்யட்டும். மேகமே இல்லை, ஆனாலும் மனம் கேட்கவில்லை என்றால் நம் வடிவம்: ‘ஒஹலா யொவியேர’, ஒரு மழை பெய்யக்கூடாதா. அறுவடை முடிந்து காய்ந்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது: ‘ஒஹலா உபியேர யொவீதொ’, அன்றைக்குப் பெய்திருக்கக்கூடாதா.